பழைய ஜீப் வண்டி வாங்குதலும் அதன் விலையை மதிப்பிடும் முறையும்

எருது வாங்கும் குடியானவர் விற்பவன் சொல்லும் விலையைக் கேட்டவுடன் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. பல்லைப் பிடித்துப் பார்த்து வயதை அறிவார், சுழி பார்ப்பார், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார், ஏரிலோ வண்டியிலோ பூட்டிச் சிறிது தூரம் நடத்திப் பார்த்த பின்னரே தரகனோடு துண்டுக்கடியில் கை பிடிப்பார். அதே குடியானவர், எருதின் விலையைப்போல் பல மடங்கு பணம் கொடுத்துப் பழைய ஜீப் வண்டி ஒன்றை வாங்கும்பொழுது, பெயிண்டின் பளபளப்பையும் எஞ்சினின் முழக்கத்தையும் மாத்திரம் கண்டு முடிவு செய்துவிடுகிறார். எருது வாங்குவதில் கைக்கொள்ளும் நிதானத்தை வண்டி வாங்குவதிலும் கைக்கொண்டால் ஒரு போகத்தின் வருமானம் முழுவதும் பாழாவதைத் தடுக்கலாம். அதற்குரிய முறை ஈண்டு விவரிக்கப்படுகிறது.

தேவை எழுவது எவ்வாறு

காஞ்சீபுரத்துக்கு மேற்கே, சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது தாமல் கிராமம். அதன் ஏரி காஞ்சீபுரம் ஜில்லாவிலுள்ள பெரிய ஏரிகளுள் ஒன்று. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது, ஏரிப் பாசன நிலங்களுக்குச் செல்லும் வண்டிப்பாட்டைகள் சேறாகிவிடுகின்றன. நெடுஞ்சாலையில் கனரக லாரிகள் தடையின்றி ஓடிக்கொண்டிருக்க, அச்சாலையிலிருந்து சற்றுத் தொலைவிலுள்ள வயலுக்கு நான்கு மூட்டை உரத்தைக் கொண்டுசேர்க்க இயலாத நிலை ஏற்படுகிறது. சாதாரண மோட்டார் வண்டியின் பின்சக்கரங்கள் இரண்டும் சேற்றில் சுழன்று ஆழப் புதைகின்றன.

இத்தகைய இடத்தில் நான்கு சக்கரங்களும் சேர்ந்து உந்தும் ஜீப் வண்டி மிகப் பயனுள்ளது என்பதில் ஐயமில்லை. புதிய வண்டியின் விலை பெரும்பாலான நிலச்சுவான்தார்களுக்கு எட்டாததாதலின் பழைய வண்டியை நாடுகின்றனர். நாடுவது தவறன்று. எவ்விலைக்கு மேல் வாங்கலாகாது என்பதை முன்கூட்டி அறியாமல் நாடுவதே தவறாகும்.

ஜீப்பின் பூர்வோத்தரம்

இவ்வண்டி யுத்தத்தில் பிறந்தது. அமெரிக்க இராணுவத்தின் பொருட்டு, பென்ஸில்வேனியா மாகாணத்திலுள்ள பட்லர் நகரத்து பாண்டம் கம்பெனியார் 1940-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் முதல் மாதிரி வண்டியைக் கொடுத்தனர். பின்னர் வில்லிஸ், போர்டு ஆகிய இரு கம்பெனிகளும் யுத்தம் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன.

யுத்தம் முடிந்ததும் வில்லிஸ் கம்பெனியார் 1945-ம் வருஷத்தில் சி. ஜே. 2 ஏ என்ற சிவிலியன் வண்டியை வெளியிட்டனர். அது முக்கியமாக விவசாயிகளுக்கென்றே விளம்பரம் செய்யப்பட்டது. கலப்பை இழுக்கும் கொக்கியும், கதிரடிக்கும் யந்திரத்தைச் சுழற்றும் வார்ச்சக்கரமும் அதில் பொருத்திக்கொள்ளலாம். ஆயினும் உழவில் அது டிராக்டருக்கு ஈடாகவில்லை. எடை குறைவு, சக்கரம் சிறிது, மெதுவாக நெடுநேரம் இழுத்தால் கிளட்சும் எஞ்சினும் சூடேறும். ஆதலின் ஜீப் வாங்கினால் உழவுக் கூலி மிச்சமாகும் என்று எண்ணுவோர் அவ்வெண்ணத்தை முதற்கண் விட்டுவிடல் வேண்டும். ஜீப் சுமக்கும் வண்டியேயன்றி உழும் வண்டியன்று.

இங்கிலாந்தின் ரோவர் கம்பெனியைச் சேர்ந்த மாரிஸ் வில்க்ஸ் என்பவர் ஆங்கிள்ஸி தீவிலிருந்த தம் பண்ணையில் யுத்தத்தில் மிஞ்சிய பழைய ஜீப் ஒன்றை உபயோகித்து வந்தார். அது தேய்ந்த காலத்தில் அதற்கு ஈடான வண்டி உள்நாட்டில் கிடைக்காததால், தம் கம்பெனியிலேயே ஒன்றைச் செய்ய முற்பட்டார். அதுவே 1948-ம் வருஷம் ஏப்ரல் மாதம் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்த லாண்டு ரோவர். மோட்டார்த் தொழிலிலேயே இருந்தவருக்குக்கூடத் தேய்ந்த வண்டியின் இடத்தை நிரப்புவது எளிதாக இருக்கவில்லை. உதிரிப் பாகமும் மாற்று வண்டியும் அருகில் கிடைக்குமா என்பதைக் கிராமத்து விவசாயி இன்னும் அதிகமாகக் கவனிக்க வேண்டுமென்பதை இதனால் அறியலாம்.

இந்தியாவில் கிடைக்கும் வகைகள்

இந்தியாவில் மஹிந்திரா கம்பெனியார் 1947-ம் வருஷம் முதல் வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாக வரவழைத்துப் பூட்டி விற்றனர். பின்னர் அனுமதி பெற்று உள்நாட்டிலேயே செய்தனர். பழைய வண்டிச் சந்தையில் பெரும்பாலும் காணப்படுபவை பின்வருமாறு:

1. சி. ஜே. 3 பி வகை: உயர்ந்த முன்மூடியுடைய பழைய மஹிந்திரா ஜீப். ஆதியில் சுமார் 2,200 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்டது. இவற்றிற் பல பிற்காலத்தில் டீசல் எஞ்சினுக்கு மாற்றப்பட்டுள்ளன. அம்மாற்றம் பதிவுப் புத்தகத்தில் ஏறியிருப்பது அவசியம்.

2. எம். எம். 540 முதலிய வகைகள்: 1980-களில் வந்த டீசல் ஜீப்புகள். பிரெஞ்சு தேசத்துப் பியூஜோ கம்பெனியின் அமைப்பைத் தழுவிய 2,112 கன சென்டிமீட்டர் எஞ்சின் உடையவை. வேகம் குறைவு, ஆயினும் கிராமத்து மெக்கானிக்குகள் நன்கறிந்தவை. உதிரிப் பாகம் பெரும்பாலும் கிடைக்கும்.

3. தார்: 2010-ம் வருஷத்தில் வெளிவந்தது. 2020-ம் வருஷத்தில் வந்த புதிய தார் முற்றிலும் வேறான வண்டியாதலின், பெயர் ஒன்றாயிருப்பது கொண்டு இரண்டையும் ஒன்றாக மதிப்பிடலாகாது.

4. மாருதி ஜிப்ஸி: 1985-ம் வருஷத்தில் 970 கன சென்டிமீட்டர் எஞ்சினுடன் வெளிவந்து, 1996-ம் வருஷத்தில் 1,298 கன சென்டிமீட்டர் எஞ்சின் பெற்றது. பெட்ரோல் வண்டி. எடை குறைந்ததாதலின் ஈரநிலத்தில் எளிதில் புதையாது. ஆனால் அதிகப் பாரம் ஏற்றுவதற்கு உரியதன்று.

5. ஜோங்கா: நிஸ்ஸான் கம்பெனியின் அமைப்பைத் தழுவி ஜபல்பூர் இராணுவத் தொழிற்சாலையில் 1999-ம் வருஷம் வரை செய்யப்பட்டது. ஆறு சிலிண்டர்களும் 3,956 கன சென்டிமீட்டர் கொள்ளளவுமுடைய பெட்ரோல் எஞ்சின் கொண்டது. பலம் மிக்கதாயினும் அதன் பெட்ரோல் செலவைச் சிறு விவசாயம் தாங்காது.

மஹிந்திரா வண்டிகளுட் பல, நான்கு சக்கர உந்தல் உள்ளவை, இரு சக்கர உந்தல் மாத்திரம் உள்ளவை என இருவகையாகவும் விற்கப்பட்டன. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. ஜீப் என்ற பெயரை நம்பி இரு சக்கர உந்தல் வண்டியை வாங்கினவர் தாமல் வயற்பாட்டையில் சாதாரண வேன் நிற்கும் இடத்திலேயே நிற்க நேரிடும்.

ஒரே வண்டி, வெவ்வேறு மதிப்பு

தேனி ஜில்லாவிலுள்ள கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து செல்லும் பாதை கல்லும் மேடுபள்ளமுமானது. அதில் ஏறுவது ஜீப் ஒன்றே. மேற்கு வங்காளத்தில் மானேபஞ்சன் என்னும் ஊரிலிருந்து சந்தக்பூ மலைக்கு 1950-களில் செய்யப்பட்ட லாண்டு ரோவர் வண்டிகள் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆட்களையும் சாமான்களையும் ஏற்றிச் சென்றுள்ளன. அவற்றிற் பல இடையில் மஹிந்திரா டீசல் எஞ்சின் பெற்றவை. அவ்விடங்களில் பழைய வண்டிக்கு நல்ல விலை கொடுப்பது நியாயமே. ஏனெனில் அங்கே ஜீப்புக்கு வேலை தினந்தோறும் உண்டு, வேறு வழியுமில்லை, அவ்வண்டியின் ஒவ்வோர் ஆணியையும் அறிந்த மெக்கானிக்கும் அவ்வூரிலேயே உளர்.

தாமலின் நிலைமை வேறு. கோடையிலும் ஆடி, ஆவணியிலும் பாட்டைகள் காய்ந்து கெட்டியாயிருக்கும். எந்த வண்டியும் செல்லும். சேறுபடும் காலம் சில வாரங்களே. அக்காலத்திலும் டிராக்டர் டிரெய்லர் வாடகைக்குக் கிடைக்கக்கூடும். ஆகவே மலையில் ஒரு ஜீப் பெறும் மதிப்பை அதே ஜீப் சமவெளியில் பெறாது. விற்பவர், "மலையில் இவ்வண்டிக்கு இவ்வளவு கொடுக்கிறார்கள்" என்று சொன்னால், அது மலையிலுள்ளவருக்குரிய கணக்கேயன்றித் தாமலில் உள்ளவருக்குரியதன்று.

பரீட்சிக்கும் முறை

வண்டியைப் பகல் வெளிச்சத்தில், மழையில்லாத நாளில், எஞ்சின் குளிர்ந்திருக்கும் நேரத்திற் பார்க்க வேண்டும். முன்கூட்டியே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் மற்றொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புதல் நலம். காலையில் சிரமப்பட்டுக் கிளம்பும் குறையை அது மறைத்துவிடும்.

அடிச்சட்டம்: எருதுக்குப் பல் எப்படியோ, ஜீப்புக்கு அடிச்சட்டம் அப்படி. எஞ்சினைப் பழுது பார்க்கலாம். கியர் பெட்டியை மாற்றலாம். துருவேறி மெலிந்த சட்டத்தை மாத்திரம் லாபகரமாகச் சீர்செய்தல் அரிது. வண்டிக்கு அடியிற் படுத்து, சிறு சுத்தியலால் சட்டத்தின் நெடுகிலும் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே துருத்தின்ற இரும்பு மந்தமாக ஒலிக்கும். ஸ்பிரிங் பட்டைகள் மாட்டப்படும் இடம், ஸ்டீயரிங் பெட்டி பூட்டிய இடம், குறுக்குச் சட்டங்கள் சேரும் மூலைகள் ஆகியவற்றில் விரிசலும் வெல்டிங் தழும்பும் உண்டா என்று நோக்க வேண்டும். அடிப்பாகத்தில் மாத்திரம் புதிதாகக் கறுப்புப் பெயிண்டு பூசியிருந்தால் அதனைச் சந்தேகத்துக்குரிய குறியாகக் கொள்ளல் வேண்டும். தகட்டு உடம்பிலுள்ள துருவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அதைத் தகடு வைத்துச் சரிசெய்து விடலாம்.

எஞ்சின்: குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிப் புகையைக் கவனிக்கவும். கிளப்பிய சில நொடிகளுக்குப் பின்னும் நீலப் புகை தொடர்ந்தால் எஞ்சின் எண்ணெயைக் குடிக்கிறது என்று பொருள். கரும்புகை மிகுந்தால் டீசல் பம்பிலோ இஞ்செக்டரிலோ, காற்று வடிகட்டியிலோ குறை உண்டு. சூடேறிய பின்னும் வெண்புகை நீங்காவிடில் தண்ணீர் உள்ளே இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்தால், தேய்ந்த எஞ்சினில் அவ்வழியே புகை விட்டுவிட்டு அடித்துக்கொண்டு வரும். எண்ணெய் பால் கலந்த தேநீர் போலிருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. ரேடியேட்டர் மூடியைச் சூடாயிருக்கும்போது திறத்தல் கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தை வேகவைத்துவிடும்.

நான்கு சக்கர உந்தல்: இதனைப் பரீட்சிக்காமல் வாங்குவோரே மிகுதி. முதலில் அடியிற் பார்த்து, முன் ஆக்ஸிலுக்குச் செல்லும் சுழல்தண்டு இருக்கிறதா என்று காண வேண்டும். சில வண்டிகளில் அதைக் கழற்றி விற்றிருப்பர். பின்னர் வண்டியை உழுது காய்ந்த புன்செய் நிலத்துக்குக் கொண்டுபோய், நான்கு சக்கரப் பிடியையும் தாழ்ந்த கியரையும் போட்டு மெதுவாக நகர்த்தச் செய்து, பக்கவாட்டில் ஓராள் நின்று முன்சக்கரங்கள் மண்ணைப் பற்றி இழுக்கின்றனவா என்று நோக்க வேண்டும். முன்சக்கரக் குடத்தில் பூட்டு உள்ள வகைகளில் அதைத் திருப்பிப் பூட்டிய பின்னரே இப்பரீட்சை செல்லும். பிடி தானாக நழுவினாலும், தடதடவென ஒலி எழுந்தாலும் உள்ளே பல் தேய்ந்துள்ளது. இப்பரீட்சையைத் தார்ச்சாலையில் செய்யலாகாது. வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருக்க, இளகாத தரை அதற்கு இடங்கொடாமையால் தண்டுகள் முறுகிப் பற்கள் உடையும். விற்பவர் அவ்வாறு தார்ச்சாலையில் ஓட்டிக் காட்டினால், இதுகாறும் வண்டி எங்ஙனம் நடத்தப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சியாகும்.

மற்றவை: நான்கு டயர்களும் ஒரே அளவில் இருத்தல் வேண்டும், அளவு வேறுபட்டால் உந்தலைப் பிரித்தளிக்கும் பெட்டி கெடும். முன்சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் தேய்மானம் புலனாகும். ஸ்டீயரிங் சக்கரத்தை அசைத்தவுடன் முன்சக்கரம் அசைய வேண்டும். ஸ்பிரிங் பட்டைகளில் முறிவு உண்டா, பிரேக் ஒருபுறம் இழுக்கிறதா, சக்கரக் குடத்தில் எண்ணெய்க் கசிவு உண்டா என்பவற்றையும் பார்க்க வேண்டும். விளக்கு, ஹாரன், மெத்தை முதலியன அற்பக் குறைகள். அவற்றைக் காட்டி விலையைக் குறைக்கலாமேயன்றி அவை காரணமாக நல்ல வண்டியைத் தள்ள வேண்டியதில்லை.

பத்திரங்களைப் பரிசோதித்தல்

எருதுக்குச் சுழி நம்பிக்கையைப் பொறுத்தது. வண்டிக்குப் பத்திரம் சட்டத்தைப் பொறுத்தது. சுழி தவறின எருதும் உழும். பத்திரம் தவறின வண்டி ஓடலாகாது.

அடிச்சட்டத்திலும் எஞ்சினிலும் பொறித்த எண்களைப் பதிவுப் புத்தகத்து எண்களோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடல் வேண்டும். எண் பொறித்த இடம் ராவியிருந்தாலும், தகடு வைத்து ஒட்டியிருந்தாலும் பேரத்தை அவ்வளவில் நிறுத்திவிடுதல் உத்தமம். காஞ்சீபுரத்தில் சேலையின் ஜரிகையை உரைத்துப் பார்த்து வாங்குவோர், வண்டியின் எண்ணைத் துடைத்துப் பார்த்து வாங்கச் சோம்பலாகாது. மத்திய சர்க்காரின் வாகன் பதிவேட்டில் வண்டி எண்ணைக் கொண்டு பதிவின் காலம், இன்ஷூரன்ஸ், கடன் பாத்தியதை முதலியவற்றைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருஷங்களுக்குச் செல்லும். அதன்பின் வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டி ஐந்தைந்து வருஷங்களுக்குப் புதுப்பித்தல் வேண்டும். இலகு மோட்டார் வண்டிக்குரிய புதுப்பிக்கும் கட்டணம் 2022-ம் வருஷம் ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாயிற்று. 20 வருஷம் கடந்தவற்றுக்கு 2025-ம் வருஷம் ஆகஸ்டு மாத அறிவிப்பினால் 10,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி இதற்குப் புறம்பானது. ஆதலின் பதிவுக்காலம் நான்கு மாதத்தில் முடியும் வண்டியும், நான்கு வருஷம் மீதியுள்ள வண்டியும் ஒரே விலை பெறா.

பின்வரும் நான்கு வகை வண்டிகளில் விசேஷ எச்சரிக்கை தேவை.

முதலாவது, சர்க்கார் வண்டிகள். முன்காலத்தில் இலாகா ஜீப்புகள் ஏலத்தில் விற்கப்பட்டுக் குடியானவர்களிடம் வந்து சேர்ந்தன. 2023-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி முதல், 15 வருஷம் கடந்த மத்திய, மாகாண சர்க்கார் வண்டிகளின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. அவை உடைத்தெடுக்கப்பட வேண்டியவை. அத்தகைய வண்டியை மலிவென்று எவரேனும் காட்டினால், அது ஓட்டுதற்குரிய வண்டியன்று.

இரண்டாவது, இராணுவ வண்டிகள். ஏலத்தில் விற்ற அதிகாரிகள் கொடுத்த அசல் விற்பனைச் சான்றிதழ் இன்றி அவற்றைப் பதிவு செய்ய இயலாது. ஏலத்தில் எடுத்தவர் பிறகு மூன்று கை மாற்றி விற்றதாகச் சொல்லும் வாய்மொழி அச்சான்றிதழுக்கு ஈடாகாது.

மூன்றாவது, பல பாகங்களைச் சேர்த்துக் கட்டிய வண்டிகள். ஹரியானாவிலுள்ள மண்டி டப்வாலி இத்தொழிலுக்குப் பேர்பெற்ற ஊர். பார்வைக்குப் புதிதாய்த் தோன்றும் அத்தகைய ஜீப்புகளின் உடல் ஒன்று, எஞ்சின் ஒன்று, பத்திரம் மற்றொன்று என இருத்தல் கூடும். உற்பத்தியாளர் குறித்த மூல அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் கேரளத்து வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. அகலச் சக்கரமும் உயர்த்திய உடலும் கொண்ட ஜீப்பை வாங்குவோர் அதைப் பழைய அமைப்புக்குத் திருப்பும் செலவையும் சேர்த்து எண்ண வேண்டும்.

நான்காவது, வெளிமாகாண வண்டிகள். தில்லிப் பிரதேசத்தில் 10 வருஷம் கடந்த டீசல் வண்டிகளும் 15 வருஷம் கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் இட்ட ஆணையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பின்னர் 2025-ல் சில தளர்வுகள் ஏற்பட்டன. இக்காரணத்தால் அப்பக்கத்து வண்டிகள் மலிவாகத் தோன்றும். ஆட்சேபமின்மைச் சான்றிதழ், மறுபதிவு, தமிழ்நாட்டுக்குரிய வரி ஆகியவற்றைக் கூட்டினால் மலிவு பெரும்பாலும் மறைந்துவிடும்.

பெயர் மாற்றம்: கிராம அதிகாரிகளின் கவனத்துக்கு

கிராமங்களிலுள்ள பழைய ஜீப்புகளிற் சில, காலஞ்சென்ற தகப்பனார் அல்லது பாட்டனார் பெயரிலேயே இருந்துவருகின்றன. சொந்தக்காரர் இறந்தால் 30 நாளைக்குள் பதிவதிகாரிக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் வாரிசு தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தல் வேண்டுமென்பது விதி. அதற்கு வாரிசுச் சான்றிதழ் தேவையாகிறது. சகோதரர் நால்வருள் ஒருவர் மாத்திரம் கையொப்பமிட்டு விற்ற வண்டி பின்னர் வழக்குக்கு இடமாகலாம். வாரிசு விசாரணைக்கு வரும் குடும்பங்களிடம், நிலபுலங்களோடு மோட்டார் வண்டி உண்டா என்றும் கிராம நிர்வாக அலுவலர்கள் நினைவூட்டினால் பெரிய உபகாரமாகும்.

விற்பனை நடந்த பின் அதே மாகாணத்துக்குள் விற்றவர் 14 நாளைக்குள்ளும், வாங்கினவர் 30 நாளைக்குள்ளும் பதிவதிகாரிக்குத் தெரிவித்தல் வேண்டும். இதற்குரியவை 29, 30-ம் எண் படிவங்கள். இன்ஷூரன்ஸையும் 14 நாளைக்குள் தம் பெயருக்கு மாற்ற வாங்கினவர் விண்ணப்பிக்க வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையொப்பம் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டும் வழக்கம் இருவருக்கும் ஆபத்து. பெயர் மாறாமலே பல கை மாறிய ஒரு வண்டி ஏற்படுத்திய விபத்தில், பதிவுப் புத்தகத்தில் எவர் பெயர் உள்ளதோ அவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பாளி என்று உச்ச நீதிமன்றம் 2018-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் தீர்ப்பளித்தது. வண்டியை விற்றுப் பணத்தையும் செலவழித்துவிட்ட குடியானவர், வருஷங்கள் கழிந்த பின், தாம் கண்டறியாத விபத்துக்காக நிலத்தை விற்க நேரிடலாம்.

விலைக் கணக்கு

இதுகாறும் கூறியவற்றை ரூபாயாக மாற்றினாலன்றிப் பயனில்லை. கீழ்வரும் தொகைகள் கணக்கிடும் முறையைக் காட்டக் கற்பித்தவை; சந்தை விலைகளல்ல. ஒவ்வொருவரும் தம் மெக்கானிக்கிடம் கேட்டுத் தமக்குரிய தொகையை இட்டுக்கொள்ள வேண்டும்.

தாமல் ஏரிப் பாசனத்தில் எட்டு ஏக்கர் நன்செய் உள்ள ஒருவர் பழைய டீசல் ஜீப் ஒன்றைப் பார்ப்பதாகக் கொள்வோம்.

கேட்கும் விலை: ரூ. 2,40,000
டயர் ஐந்து: ரூ. 35,000
பிரேக், ஸ்பிரிங், புஷ்: ரூ. 25,000
முன் ஆக்ஸில், உந்தற் பெட்டி: ரூ. 20,000
பதிவு, வரி, இன்ஷூரன்ஸ்: ரூ. 20,000
எஞ்சினுக்கென ஒதுக்கு நிதி: ரூ. 30,000
ஆக மொத்தம்: ரூ. 3,70,000

ஆறு வருஷம் வைத்திருந்து ரூ. 1,00,000-க்கு விற்றால் கரைந்த முதல் ரூ. 2,70,000, வருஷத்துக்கு ரூ. 45,000. வருஷாந்தர எண்ணெய், பழுது, இன்ஷூரன்ஸ் ரூ. 30,000. ஆகவே டீசல் நீங்கலாக வருஷச் செலவு ரூ. 75,000. நகை அடகு வைத்தோ கடன் வாங்கியோ வாங்கினால் வட்டியையும் இதனோடு கூட்ட வேண்டும்.

சேற்றிற் செல்ல வேண்டிய நாட்கள் வருஷத்துக்கு 20 மாத்திரமானால், ஒரு நாளைக்கு ரூ. 3,750 செலவாகிறது. அதே வேலைக்கு வாடகை வண்டி நாளொன்றுக்கு ரூ. 1,200-க்குக் கிடைப்பதாகவும், சொந்த ஜீப்புக்கு நாளொன்றுக்கு ரூ. 300 டீசல் ஆவதாகவும் கொண்டால், சொந்த வண்டியால் மிச்சமாவது நாளுக்கு ரூ. 900. ரூ. 75,000-ஐ ரூ. 900-ஆல் வகுத்தால் சுமார் 84 வருகிறது. வருஷத்தில் 84 நாட்களாவது வேலை இருந்தாலன்றி இவ்வண்டி அந்த விலைக்கு உரியதன்று.

இக்கணக்கைத் திருப்பிப் போட்டால் கொடுக்கத்தக்க உச்ச விலையும் கிடைக்கும். வருஷத்துக்கு 60 நாள் வேலை உண்டு எனில், மிச்சம் ரூ. 54,000. பராமரிப்பு ரூ. 30,000 போக மீதி ரூ. 24,000. ஆறு வருஷத்துக்கு ரூ. 1,44,000. கடைசியில் விற்கும் தொகை ரூ. 1,00,000-ஐக் கூட்டி, முதற்செலவு ரூ. 1,30,000-ஐக் கழித்தால் ரூ. 1,14,000. கேட்கும் விலை ரூ. 2,40,000, அவருக்கு அவ்வண்டியின் மதிப்பு ரூ. 1,14,000. இவ்விரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை அறியாமல் பேரம் பேசப் போகலாகாது. அவ்விலைக்கு வண்டி கிடைக்காவிடில் திரும்பி வருதலே லாபம்.

இக்கணக்கில் அகப்படாத பயனும் உண்டு. நள்ளிரவில் பெருமழையில் பிரசவ வேதனைப்படும் பெண்ணை நெடுஞ்சாலைக்குக் கொண்டுவர ஜீப் உதவலாம். ஏரிக்கரையில் உடைப்பு ஏற்பட்டால் மணல் மூட்டை ஏற்றிச் செல்லலாம். அதற்கு விலையிட இயலாது. ஆனால் அத்தகைய இரவில் கிளம்பாமல் நிற்கும் ஜீப் எவருக்கும் உதவாது. ஆகவே அவ்வுதவியைக் கருதுவோர் இன்னும் அதிக ஜாக்கிரதையாகவே வண்டியைப் பரீட்சித்தல் வேண்டும். நான்கைந்து நிலச்சுவான்தார்கள் ஒன்றுசேர்ந்து ஒரு நல்ல வண்டியை வாங்கினால் வேலை நாட்களும் பெருகும், செலவும் பங்கிடப்படும். அவ்வாறு வாங்கும்போது எவர் பெயரில் பதிவு, பழுதுச் செலவு எங்ஙனம் என்பவற்றை எழுத்தில் வைத்துக்கொள்வது அவசியம். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு விடுதல் சட்டவிரோதமாகும்.

சுருக்கம்

1. வருஷத்தில் எத்தனை நாள் சேற்று வேலை உண்டு என்று முதலில் எண்ணுக.

2. பத்திரமும் அடிச்சட்டமும் சரியில்லையெனில், விலை எவ்வளவு குறைவாயினும் வாங்கற்க.

3. எஞ்சின், டயர், பிரேக் குறைகளைச் செலவாக எழுதி விலையிற் கழிக்க.

4. நான்கு சக்கர உந்தலை இளகிய நிலத்தில் பரீட்சிக்க.

5. உதிரிப் பாகமும் பழகிய மெக்கானிக்கும் காஞ்சீபுரத்துக்குள் கிடைக்கும் வகையையே நாடுக.

6. பணம் கொடுக்கும் நாளிலேயே பெயர் மாற்றத்துக்குரிய படிவங்களைப் பூர்த்தி செய்க.

7. உச்ச விலையைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேரத்துக்குச் செல்க. அதற்கு மேல் ஒரு ரூபாயும் ஏறற்க.

எருதுச் சந்தையில் ஏமாறாத குடியானவருக்கு இவற்றுள் ஒன்றும் புதிதன்று. அங்கே கண்ணும் கையும் செய்யும் வேலையை இங்கே சுத்தியலும் பென்சிலும் செய்கின்றன.